கொழும்புக்கென்று சொல்லிப் போன ஐந்து நாள்

நாங்கள் கோலாலம்பூர் பார்த்த குடும்பம். எங்கள் தெருவில் இது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வெளிநாடு போய் வந்தவர்கள் நாலு வீட்டுக்குச் சொக்லேட் கொடுப்பார்கள், படம் காட்டுவார்கள், பிளேனில் காது அடைத்த கதையை ஆறு மாதமாவது இழுப்பார்கள். அப்படி இழுப்பதற்கு எனக்கு வாய் போதாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மீன் ஏலத்தில் என் குரல் கேட்டால் விலை கூறுகிறவர் கொஞ்சம் நிறுத்திக்கொள்வார். அந்த வாய் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பத்து வருடத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடக்கிறது. இப்போதும் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். அதுவும் கோழைத்தனம்தான், தெரியும்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். கற்பிட்டிப் பக்கம், மாம்புரி தாண்டிய கடற்கரையில் என் மாப்பிள்ளைக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஒரு கருவாட்டு வாடி இருந்தது. படகில் வருகிற மீனை வாங்கி, கீறி, உப்பிட்டு, காயவைத்து விற்கிற தொழில். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போவதற்கும் கெடுபிடி, லொறி போவதற்கும் கெடுபிடி. அதெல்லாம் விட்டுப்போனதும் வியாபாரம் நிமிர்ந்தது. தலவில கோயில் திருவிழாவுக்கு வருகிற சனம் திரும்பும்போது ஆளுக்கொரு கருவாட்டுப் பார்சல் கட்டாமல் பஸ் ஏறாது. அந்த வருடம் ஓகஸ்ட் திருவிழா முடிந்தபோது வாடியில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. மகளுக்கு ஒருமுறை வெளிநாடு காட்டுவோம் என்று அவர் சொன்னார். எங்களுக்கு ஒரே பிள்ளை, அப்போது பதினைந்து வயது. புத்தளம் டவுனில் இருந்த ஒரு டூர்க்காரர் ஐந்து நாள், ஹோட்டல், சுற்றிக் காட்டுகிற வேன் எல்லாம் சேர்த்து ஏற்பாடு செய்தார்.

சந்தோஷப்பட்ட அன்றைக்கே பயமும் பிடித்துக்கொண்டது. கையில் வசதி வந்த முஸ்லிம் முதலில் போக வேண்டிய ஊர் மக்கா. என் மாப்பிள்ளையோ ‘அடுத்த வருஷம், இன்ஷா அல்லாஹ்’ என்று பள்ளிவாசல் வாசலில் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹஜ்ஜுக்குப் போகாத மனிசன் பெண்சாதி பிள்ளையோடு கோலாலம்பூருக்குக் கோபுரம் பார்க்கப் போனார் என்று தெரிந்தால், ஜும்ஆ முடிந்து வெளியே வருகிற சனம் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும். அது போதாதென்று கண்ணூறு வேறு. வீட்டுக்கு ஓடு போட்டபோது வந்தவர்கள் எல்லாரும் வடிவு வடிவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அடுத்த கிழமையே லொறி எஞ்சின் புகைந்து நடுறோட்டில் நின்றது.

அதனால் பொய் சொல்வதென்று முடிவெடுத்தோம். எடுத்தோம் என்ன, எடுத்தது நான். அந்தப் பழியை அவர் தலையில் போடக் கூடாது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகிற றோட்டும் கொழும்புக்குப் போகிற றோட்டும் ஒன்றுதானே. அவருக்கு வயிற்றெரிச்சல் இருந்தது, மருந்துப் போத்தல் எப்போதும் சட்டைப் பைக்குள் கிடக்கும். அதையே பிடித்துக்கொண்டேன். கொழும்பில் பெரிய டொக்டர் ஒருவருக்குக் காட்டப் போகிறோம், வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம், நாலைந்து நாள் நிற்க வேண்டி வருமாம் என்று சொன்னேன். சொன்னது ராத்தாவிடம்.

ராத்தா என் கூடப்பிறந்தவர் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டு வந்த சனத்தில் ஒருவர். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் தென்னங்காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தார்கள். பிறகு கல்வீடு கட்டினாலும் எங்கள் ஊரார் அதை முகாம் என்றேதான் சொல்வார்கள். எங்கள் வாடியில் அவர் பதினாறு வருடம் மீன் கீறினார். அவருடைய மாப்பிள்ளை உப்பளத்தில் வேலை செய்தவர். வயிற்று வலி என்று அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். காட்டிவிட்டு வருவோம் என்றுதான் போனார்கள். ஐந்தாம் நாள் ஜனாஸாவாகக் கொண்டுவந்தார்கள். மௌத்து வீட்டில் ஓதிய கத்தத்துக்குச் சோறு ஆக்கியவளே நான்தான். இருந்தும் ராத்தாவுக்கு முன்னால் நின்று, கொழும்பு என்றும் வயிறு என்றும் ஐந்து நாள் என்றும் நா கூசாமல் சொன்னேன். வேறு வருத்தம் கிடைக்கவில்லையா எனக்கு? முழங்கால் இருந்ததே, பல் இருந்ததே.

கேட்டதும் ராத்தா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். நாங்கள் வரும்வரை எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அதற்காகத்தான் அவரிடம் முதலில் சொன்னது. மகளுக்கென்று சேர்த்த நகை அலுமாரியில் இருந்தது, அந்த மாதங்களில் கடற்கரையில் திருட்டு அதிகம். ராத்தா தலையை ஆட்டினார்.

அந்த நாட்களில் ராத்தாவுக்கு ஒரே ஒரு காத்திருப்பு இருந்தது. மன்னார்ப் பக்கம் அவருடைய வாப்பாவின் காணி இருபது வருடத்துக்கு மேலாகக் காடு பற்றிக் கிடந்தது. ஓடி வந்த அவதியில் காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது. திரும்பிப் போக விரும்புகிறவர்கள் வந்து தங்கள் காணியை நேரில் நின்று காட்ட வேண்டும், காட்டின இடத்தில் கல் நடுவோம், கல் நட்டால்தான் வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் எழுதலாம் என்று அந்தப் பக்கத்துக் கிராம சேவகர், ஜி.எஸ்., சொல்லியிருந்தார். எந்த நாள் என்று சொல்லி அனுப்புவாராம். ராத்தாவின் குடும்பத்தில் அந்த எல்லை தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். கூடப்பிறந்த நாநாமார் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்கள், பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். வாப்பா தோண்டிய கிணறு ஒன்று, அதிலிருந்து கிழக்கே இருபது எட்டு வைத்தால் எல்லை. மீன் கீறும்போதெல்லாம் அந்தக் கிணற்றைப் பற்றித்தான் பேச்சு. கோடையிலும் வற்றாதாம், சீனி போட்டது மாதிரி இருக்குமாம். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உவர் கலந்த தண்ணீர், அதைக் குடித்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

புறப்பட்ட அன்று சுபஹு தொழுகை முடிந்த கையோடு ராத்தா வேனடிக்கு வந்தார். கையில் ஒரு பெரிய போத்தல் தண்ணீர். இரவு முழுக்க யாசீன் ஓதி ஊதிய தண்ணீராம். டொக்டர் கமரா விடும் முன்னால் தம்பி மூன்று மிடறு குடிக்க வேண்டும் என்று என் கையில் தந்தார். என் மாப்பிள்ளை அவரைவிட வயதில் குறைந்தவர், அதனால் தம்பி. தம்பி புதுச் சேர்ட்டுக்கு மேல் பழைய சாரத்துணியைப் போர்த்திக்கொண்டு நோயாளியைப் போல வேனுக்குள் சாய்ந்திருந்தார். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விமான நிலையத்தில் அந்தப் போத்தலைக் கொண்டுபோக விடவில்லை. குப்பைத் தொட்டியைக் காட்டினார் அந்தப் பெடியன். ஓதிய தண்ணீரைக் குப்பையில் ஊற்றுவதா? என் மாப்பிள்ளை வரிசைக்குப் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்து, பிஸ்மி சொல்லி, ஒன்றரை லீற்றரையும் கடகடவென்று குடித்துத் தீர்த்தார். பின்னால் நின்ற சனம் முணுமுணுத்தது. பிளேனில் அவர் இருக்கையில் இருந்த நேரத்தைவிடக் கக்கூஸில் இருந்த நேரம்தான் அதிகம். நானும் மகளும் வயிறு நோகச் சிரித்தோம். எந்த நேரத்தில் எதற்குச் சிரித்தோம் என்று இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கோலாலம்பூர் வடிவான ஊர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைக்கு மேலே ரயில் ஓடியது. கடைக்குள்ளே போனால் வெளியே வர வழி தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் தலையில் துணி போட்ட பெண்கள் மோட்டார் சைக்கிளில் போனார்கள், ஹலாலா என்று கேட்காமல் எந்தக் கடையிலும் சாப்பிட முடிந்தது. என் மாப்பிள்ளை முதல் நாளே சந்தையைத் தேடிப் போய், அங்கே நெத்தலிக் கருவாடு என்ன விலை, எத்தனை வெயில் காய்ந்தது என்று கையால் பேசி விசாரித்துவிட்டு வந்தார். படம் எடுக்கலாம், ஃபேஸ்புக்கில் போடக் கூடாது என்று மகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. போடாத படம் எதற்கு என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, பார்க்க எவ்வளவோ இருந்தது.

மூன்றாம் நாள் மீன் காட்சிக்குப் போனோம். மீனிலேயே பிறந்து மீனிலேயே கிடக்கிற நாங்கள் டிக்கெட் எடுத்து மீன் பார்க்கப் போனதை நினைத்தாலே சிரிப்பு. கண்ணாடியால் ஒரு குகை செய்திருந்தார்கள், நாம் உள்ளே நடந்தால் கடல் தலைக்கு மேலே கிடக்கும். சனமெல்லாம் அண்ணாந்து வாயைப் பிளந்தது. என் மாப்பிள்ளை மட்டும் விரலை நீட்டி, இது இத்தனை கிலோ தேறும், இதைக் கீறினால் பாதி கழிவு, இந்தச் சுறாவுக்கு நாலு வெயில் போதாது என்று கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். திருக்கை ஒன்று எங்களுக்கு நேர் மேலே வந்து நின்றபோது, இவன் வாடியிலிருந்து தப்பி வந்தவன்போல என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபோன் அடித்தது. வாடி விஷயமாகத் தேவைப்படும் என்று அவர் ஊர் நம்பரையே வெளிநாட்டிலும் வேலை செய்கிற மாதிரிப் போட்டு வைத்திருந்தார், அதை நான்தான் கைப்பையில் வைத்திருந்தேன்.

ராத்தா பேசினார். சிரிப்பைத் தொண்டைக்குள் அமுக்கிக்கொண்டு ஸலாம் சொன்னேன். தம்பிக்கு எப்படி என்று கேட்டார். உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய பாஷையில் மேலே ஏதோ அறிவித்தார்கள், பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அது என்ன சத்தம் என்று கேட்டார், ஆஸ்பத்திரி டி.வி. என்றேன். அதையும் நம்பினார். முதல் நாளிலிருந்து நோன்பு பிடிப்பதாகவும், முகாமிலிருந்து பெண்களை அழைத்து எங்கள் வீட்டு விறாந்தையில் நாற்பத்தொரு யாசீன் ஓதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“தங்கச்சி, ஜி.எஸ். சொல்லி அனுப்பியிருக்கார். நாளைக்குக் காலைல காணி பாக்க வாறாங்களாம். அஸருக்குப் பொறகு எங்கட ஆக்கள் எல்லாரும் வேன் புடிச்சுப் போறாங்க. உங்கள இப்பிடி உட்டுட்டு நான் எப்பிடிப் போற? போகவா, நிக்கவா? நீங்க சொல்லுங்க.”

நீங்கள் சொல்லுங்கள் என்றார். இதற்கு ஒரு சொல் போதும். போங்க என்ற ஒரு சொல். அவருக்குச் சுகம், டொக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார், நீங்கள் யோசிக்காமல் போங்கள் ராத்தா என்று சொல்லியிருந்தால், நான் சொன்ன பொய்களிலேயே அது ஒன்றுதான் நல்ல பொய்யாக இருந்திருக்கும். அந்த ஒரு நொடிக்குள் எனக்குள் என்னென்ன ஓடியது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். அலுமாரி ஓடியது. இரண்டு இரவு வீடு ஆளில்லாமல் கிடக்கும் என்பது ஓடியது. சுகமென்றால் ஏன் இன்னும் வரவில்லை என்று ஊர் கேட்குமே என்பதும் ஓடியது. ராத்தாவின் கிணறு ஓடவே இல்லை.

“உங்கட விருப்பம் ராத்தா” என்றேன்.

எங்கள் பக்கத்தில் வேலைக்காரியிடம் வீட்டுக்காரி இப்படிச் சொன்னால் அதன் அர்த்தம் போக வேண்டாம் என்பதுதான். அது எனக்கும் தெரியும், ராத்தாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

“அப்ப நான் நிக்கிறன்” என்றார். “நீங்க பயப்புடாதீங்க.”

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் பக்கத்தில் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். யார் என்று என் மாப்பிள்ளை கேட்டார், ராத்தா, சும்மா சுகம் விசாரிக்க என்றேன். பிறகு குகை வாசலில் படம் எடுக்க எங்கள் முறை வந்தது, மூவருமாக நின்றோம்.

அதோடு போய்விட்டதென்றால் ஒரு கண நேரப் புத்தி தடுமாற்றம் என்று என்னை நானே மன்னித்திருப்பேன். அப்படியும் இல்லை. எங்கள் ஊரில் மூன்றரை மணிபோல அஸர் தொழுகை ஆகிறபோது அங்கே ஆறு மணி தாண்டும். அதுவரை எனக்கு முழுசாக ஆறு மணித்தியாலம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டோம், ஒரு கடையில் மகளுக்குக் காலில் போடச் சப்பாத்து வாங்கினோம், பின்னேரம் கோபுரத்தில் ஏற வரிசையில் நின்றோம். கைப்பைக்குள் ஃபோன் கிடந்தது. மகள் இரண்டு தரம் என் முகத்தைப் பார்த்தாள். நான் மூன்று தரம் மணி பார்த்தேன். அஸர் தாண்டியதும் மனசு இலேசாகிவிட்டது, அல்லாஹ் அறிய உண்மை. இனி வேன் போயிருக்கும், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்ற நிம்மதி. மேலே ஏறி நின்று ஊர் முழுக்க விளக்கு எரிவதைப் பார்த்து ஸுப்ஹானல்லாஹ் என்றேன்.

திரும்பி வரும்போது சிலாபத்தில் வேனை நிறுத்தி ஆப்பிளும் முந்திரிப் பழமும் பால்மாப் பேணியும் வாங்கினோம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் கையில் அதெல்லாம் இருக்கும். என் மாப்பிள்ளை மறுபடியும் சாரத்துணியைப் போர்த்திக்கொண்டார். வேன் வாசலில் நின்றபோது விறாந்தையில் பாய் போட்டுப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ராத்தா எழும்பி ஓடி வந்தார். என் மாப்பிள்ளையைப் பார்த்ததும் வாய் விட்டு அழுதார். ஐந்து நாள் நோன்பில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஹோட்டல் சாப்பாட்டில் முகம் பளபளத்தது.

சூட்கேஸை இறக்க என் மாப்பிள்ளை குனிந்தார். ராத்தா விடவில்லை, வயிற்றில் டொக்டர் கை வைத்த ஆள் பாரம் தூக்கலாமா என்று அவரைத் தள்ளிவிட்டுத் தானே தூக்கினார். சப்பாத்தும் துணியும் வாங்கி அடைத்த சூட்கேஸ். ஒரு கையில் ஏலாமல் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு வாங்க, படியேற்றி, உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் பின்னால் ஆப்பிள் பையோடு போனேன். மகள் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். பிள்ளை பயந்துபோயிருக்கிறாள் என்று ராத்தா மற்றப் பெண்களுக்குச் சொன்னார்.

அன்றைக்கு நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சியது எங்கள் குசினியில். மன்னார் விஷயம் என்னவாயிற்று என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவராகவே சொன்னார், மாப்பிள்ளை வழி மச்சான் ஒருவர் போயிருக்கிறார், அவரிடம் இடத்தைச் சொல்லி விட்டேன், காட்டியிருப்பார் என்று.

மச்சான் காட்டினார்தான். மனசாரத்தான் காட்டினார். காடு பற்றிக் கிடந்த இடம், பற்றைக்குள் கிணறு கண்ணுக்குப் படவில்லை. ஒரு பாலை மரத்தை வைத்துக் குத்துமதிப்பாக எல்லை சொல்லியிருக்கிறார். கல் நட்டுவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து ராத்தா போய்ப் பற்றையை வெட்டிப் பார்த்தால், கல்லுக்கு அந்தப் பக்கம் நாலு எட்டில் கிணறு. அந்தப் பக்கத்துக் காணிக்காரரும் இவர்களைப் போல ஓடிப்போய்த் திரும்பி வந்தவர், அவருக்கு எழுதி முடிந்துவிட்டது. ராத்தா ஜி.எஸ்ஸிடம் கேட்டுப் பார்த்தாராம், எழுதினது எழுதினதுதான் என்றுவிட்டாராம்.

இதை ராத்தா என்னிடம் வாடியில் வைத்துச் சொன்னார். காயவைக்கிற பரணில் சூடை மீனைப் பரப்பிக்கொண்டே சொன்னார். கையை நிறுத்தவில்லை. எட்டி எட்டிப் பரப்பினார். வாப்பாட கை பட்ட கிணறு என்றார், அவ்வளவுதான். நான் எதிர்ப்பக்கம் நின்று பரப்பினேன். என் கைக்கு என்ன வந்ததோ, மீனை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுவிட்டேன். பிறகு ராத்தாதான் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து என் மாப்பிள்ளையிடம் ஃபோனில் நடந்ததை அப்போதுதான் சொன்னேன். நாளைக்கே போய் ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். சொன்னால் கிணறு திரும்பி வருமா, அந்த மனிசியின் மனசுதானே முறியும் என்றார். எனக்கு வசதியான பேச்சு. அதனால் அது சரியென்று பட்டது. மகளுக்குப் படவில்லை. சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு, “போங்க எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம் தானே உம்மா” என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசினதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், திருப்பி ஏசியிருப்பேன்.

ஒன்றரை வருடம் கழித்து ராத்தாவுக்கு அந்தக் காணியில் சின்னதாக ஒரு வீடு கிடைத்து, முகாமை விட்டுப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டாயம் வர வேண்டும் என்றார். ஆறு மாதம் சாட்டுச் சொல்லித் தள்ளினேன். கடைசியில் இதற்கு மேல் தள்ள முடியாது, போகிறேன், போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவேன் என்று முடிவெடுத்தேன். மகளைக் கூப்பிட்டேன். அவங்கட முகத்தப் பாக்க என்னால ஏலாது என்று வர மறுத்துவிட்டாள். நானும் என் மாப்பிள்ளையும் போனோம்.

ராத்தா நன்றாக இருந்தார். முற்றத்தில் கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தார். எங்களைக் கண்டதும் தேத்தண்ணிக்கு வாளியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார். நான் பின்னால் போனேன். வேலியில் ஒரு கடப்பு, அதற்கு முன்னால் நின்று, தம்பி, தண்ணி கொஞ்சம் அள்ளவா என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து ஓர் ஆள், என்னத்துக்கு ராத்தா ஒவ்வொரு நாளும் கேக்குறீங்க, அள்ளுங்க என்றார். நல்ல மனிசன். ராத்தா கடப்பைத் தாண்டிப் போய், தன் வாப்பா தோண்டிய கிணற்றில், தலையில் துணியை இழுத்து விட்டுக்கொண்டு, வேகமாக ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த ஆள்ட காணிக்குள்ள கேக்காமக் கால் வைக்கலாமா என்று என்னிடம் சொன்னார்.

என் மாப்பிள்ளை லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ராத்தா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவர் சொன்னது பொய்யில்லை, தண்ணீர் இனித்தது. இதுதான் நேரம் என்று கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ராத்தா, அண்டைக்கு நீங்க கொழும்புக்கு ஃபோன் எடுத்தீங்களே” என்று தொடங்கினேன்.

“அத ஏன் இப்ப?” என்று என் கையைப் பிடித்தார். “நீங்க எவ்வளவு பயத்தில இருந்திருப்பீங்க. கதைக்க ஏலாம உங்கட குரல் நடுங்கிச்சு. அதக் கேட்டுத்தான், என்ன வந்தாலும் நிக்கிறதெண்டு நான் முடிவெடுத்த.”

நடுங்கியது சிரிப்பில். அதைச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், சொல்லாமல், கீழே வைத்த கோப்பையை மறுபடியும் எடுத்துக்கொண்டேன். வெளியே என் மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். தம்பிக்கு வயிறு இப்போது எப்படி என்று ராத்தா கேட்டார். நல்ல சுகம் ராத்தா என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. ராத்தாவின் முகம் விரிந்துவிட்டது. எங்களை வழியனுப்பும் முன் ஒரு துஆ கேட்போம் என்று இரண்டு கையையும் ஏந்தினார். நாங்களும் ஏந்தினோம்.

“யா அல்லாஹ், என்ட மனிசன அந்த ஊர்லதான் எடுத்துக்கிட்டாய். இந்தத் தம்பியத் திருப்பித் தா எண்டு கேட்டன், தந்தாய். அதுக்குப் பதிலா எங்கட வாப்பாட கிணத்த எடுத்துக்கிட்டாய். நான் மனசாரப் பொருந்திக்கிட்டன், யா அல்லாஹ். நீயும் பொருந்திக்க.”

என் மாப்பிள்ளை மெதுவாக ஆமீன் என்றார். நானும் ஆமீன் என்றேன். அவரைவிடச் சத்தமாகச் சொன்னேன்.